மலையகத்துக்கான திட்டத்தை மலையகமே எழுதட்டும்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மத்திய மலைநாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளே அதிக உயிர்களைக் காவு கொண்டன. நிவாரணப் பொதிகளுக்குப் பின் வருவது மீள்குடியேற்றம், வீடமைப்பு, வாழ்வாதாரம். அரசின் பணமும் வெளிநாட்டுப் பணமும் திட்டங்களாக மலையேறும். அந்தத் திட்டங்களை எழுதும் மேசையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் மலையகம் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

வீடு எந்தச் சரிவில் அமையும், தண்ணீர் எங்கிருந்து வரும், காணி உறுதி யார் பெயரில் எழுதப்படும், இடம்மாறிய பெண் காலைப் பிரட்டுக்கு (வேலைக்கான பெயர்ப் பதிவுக்கு) எவ்வளவு தூரம் நடப்பாள் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகின்றன. சாதாரணத் தொழிலாளியின் வாழ்க்கையில் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மாறாமல் நிற்கப்போகும் முடிவுகள் அவை.

அந்த மேசைக்குப் போக ஒரு படிப்பு இருக்கிறது. சர்வதேச அபிவிருத்தி என்ற பெயரில், முதுமாணிப் பட்டமாக, உலகின் பல பல்கலைக்கழகங்களில் அது கற்பிக்கப்படுகிறது. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், தாதி, மருத்துவர், பொறியியலாளர் என்று பதில் வரும். இந்தப் படிப்பின் பெயர் வருவதில்லை. வர வேண்டும். படிக்கப் போனவர்கள் முடித்துத் திரும்பவும் வழி இருக்க வேண்டும்.

எச்சரிக்கை கோப்பில் இருந்தது

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. ஆபத்து தெரிந்திருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

சொன்னதை மக்கள் கேட்கவில்லை என்று முடித்துவிடுவது எளிது. தோட்டத்தில் வீடும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு, லயத்து அறை தொழிலாளிக்கு. வெளியேறு என்றால் எங்கே போவது? புதிய இடத்தில் காணி தருவது யார்? அங்கிருந்து வந்து பேர் போட, அதாவது நாள் வேலையைப் பதிந்துகொள்ள முடியுமா? பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகும்? இவற்றுக்குப் பதில் இல்லாத எச்சரிக்கை கோப்போடு நின்றுபோனது. தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தற்காலிக முகாமில் காத்திருந்து, 2016இல்தான் புதிய வீடுகளுக்குப் போனார்கள்.

மண் எங்கே சரியும் என்று சொல்ல நிலவியலாளர் போதும். மக்களை எப்படி, எங்கே, எந்த உரிமையோடு இடம்மாற்றுவது என்று சொல்ல, காணிச் சட்டம், கூலிக் கணக்கு, உள்ளூராட்சி நிதி, குடும்பத்துக்குள் பெண்ணின் நிலை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அபிவிருத்திக் கற்கை அந்தப் பார்வையைத்தான் பயிற்றுவிக்கிறது.

என்ன படிப்பு இது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின், குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில் உருவான துறை இது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952இல் சமூகக் கற்கைகள் நிறுவனம் தொடங்கியது. இங்கிலாந்தின் சசெக்ஸில் அபிவிருத்திக் கற்கைகள் நிறுவனம் 1966இல் தொடங்கியது. சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இதே மரபில் வந்ததுதான்.

சசெக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் டட்லி சியர்ஸ். ஒரு நாடு அபிவிருத்தி அடைகிறதா என்று அறிய, தேசிய வருமானம் கூடியதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வறுமைக்கும் வேலையின்மைக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் என்ன ஆனது என்று பாருங்கள் என 1969இல் வாதிட்டவர் அவர். 1971இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழுவுக்குத் தலைமை ஏற்று இலங்கைக்கும் வந்தார். படித்த இளைஞர்கள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் கிடைக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தமின்மையை அந்தக் குழுவின் அறிக்கை பேசியது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வி பழையதாகவில்லை. உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் பஸ் ஏறும் மலையக இளைஞரைப் பார்த்தாலே அது விளங்கும்.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ரொபர்ட் சேம்பர்ஸ், 1970களில் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டிலும் இலங்கையிலும் நெல் விவசாயம் பற்றிய கள ஆய்வில் பங்கேற்றவர். கிராம அபிவிருத்தி பற்றி 1983இல் அவர் எழுதிய நூல் இன்றும் இத்துறையில் அடிப்படைப் பாடம். வெளியிலிருந்து வரும் நிபுணர்களுக்கு ஏழைகள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று அவர் வகைப்படுத்திக் காட்டினார். தார் வீதியை ஒட்டிய ஊர்களையே பார்க்கிறார்கள். மழை ஓய்ந்த காலத்தில் வருகிறார்கள். ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள். தலைவர்களிடமும் ஆண்களிடமுமே பேசுகிறார்கள். விருந்தோம்பியவர்கள் மனம் கோணக்கூடாது என்று சங்கடமான கேள்விகளைத் தவிர்க்கிறார்கள்.

பொகவந்தலாவைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக வாகனம் வருகிறது. வீதியோரத் தோட்டத்தில் நிற்கிறது. அதிகாரி வரவேற்கிறார், தலைவர் பேசுகிறார், நலன்புரி உத்தியோகத்தர் புள்ளிவிவரம் தருகிறார். அந்த நேரத்தில் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொட்டியாகலையிலோ கெம்பியனிலோ, வாகனம் ஏற முடியாத மேற்பிரிவு லயங்களுக்கு யாரும் போவதில்லை. ஜூன், ஜூலை மழையில் கூரை ஒழுகும்போது யாரும் வருவதில்லை. சேம்பர்ஸ் எழுதியதை மலையகப் பிள்ளை நூலகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது அவளுடைய வாழ்க்கை. ஆனால், அந்த வாழ்க்கையைத் திட்டமிடுவோர் மறுக்க முடியாத சான்றாக மாற்றும் முறையை அவள் கற்க வேண்டும்.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

உலக அபிவிருத்திப் பாடநூல்களில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. வருமானம் குறைந்த நாடாக இருந்தபோதே இலவசக் கல்வி, இலவச மருத்துவம், உணவு மானியம் ஆகியவற்றால் எழுத்தறிவையும் ஆயுளையும் உயர்த்திய நாடு என்று அமர்த்தியா சென் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இலங்கையை எடுத்துக்காட்டினார்கள். அது உண்மை. 1974இன் உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்ததும் உண்மை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்த உரிமை, எஞ்சியிருந்தோருக்கும் 2003இன் சட்டத்தோடுதான் திரும்பி வந்தது. சராசரிக் கணக்கு மலையகத் தொழிலாளியைத் தனக்குள் கரைத்துக்கொண்டது.

சராசரியை உடைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? 2019 குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாட்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தோர் 14.3 சதவீதம். நகரத்தில் 6 சதவீதம், கிராமத்தில் 15 சதவீதம், தோட்டத்தில் 51.3 சதவீதம். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். ஒரே நாடு, ஒரே அரசு, இரண்டு வாழ்க்கை.

இந்த இடைவெளிக்குச் சோம்பலோ குடியோ காரணம் என்று சொல்லும் வாய்கள் இன்னும் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை அவர்கள் படிக்க வேண்டும். அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் தாராளமாகச் செலவிட முடியாதபடி தடுத்தது. தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்க முடிந்தது. ஆனால், அவர் தெரிவு செய்த சபையால் அவரது லயத்து வாசலுக்குப் பாதை போட முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஒரு சட்டப் பிரிவு ஒரு சமூகத்தின் பாதையையும் வடிகாலையும் விளக்கையும் எப்படி முப்பது ஆண்டுகள் நிறுத்தி வைக்கும் என்று கண்டுபிடித்து, எழுதி, போராட்டத்துக்கு ஆயுதமாகக் கொடுப்பதும் இந்தப் படிப்பின் வேலைதான்.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் கண் முன்னே இருக்கிறது. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்த அஸ்வெசும, 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரம் பிரிக்கிறது. லயத்து அறையொன்றில் தாய் தகப்பனும், மணமுடித்த மகனும் மருமகளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுப்பு இரண்டு, கூரை ஒன்று, விலாசமும் ஒன்று. இது ஒரு குடும்பமா, இரண்டா? குறிகாட்டியை வரைபவருக்கு லயம் தெரிந்திருந்தால் இந்தக் கேள்வி முதல் நாளே எழும். தெரியாவிட்டால், பெயர் விடுபட்ட பெண் மேன்முறையீட்டுக் கடிதத்தோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பிறர் எழுதிய மலையகம்

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு தம்பதி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் சார்ல்ஸ் ஹே கெமரன். 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதித்துறையையும் மாற்றியமைத்த கோல்புறூக் – கெமரன் ஆணைக்குழுவின் கெமரன் அவர்தான். மனைவி ஜூலியா மார்கிரட் கெமரன், புகைப்படக் கலை வரலாற்றில் பெரும்பெயர். 1875இல் இலங்கைக்கு வந்த பின் இங்குள்ள மக்களையும் தொழிலாளர்களையும் படமெடுத்தவர். 1879இல் காலமானார். அவரது கமெராவின் முன் நின்ற தொழிலாளர்களில் பலரது பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

நாட்டைப் பற்றி அறிக்கை எழுதியவரும், மக்களைப் படமெடுத்தவரும் நம் மண்ணில் உறங்குகிறார்கள். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால், எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அவர்களோடு முடிந்துவிடவில்லை. அதுதான் நமது கவலை.

தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தபின், 1980களில் சுவீடன் அவற்றின் கட்டடங்களுக்கும் கற்பித்தலுக்கும் உதவியது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்ததற்கு ஜேர்மனி துணை நின்றது. ஆசிய அபிவிருத்தி வங்கி பெருந்தோட்டத் துறைக்குக் கடன் தந்தது. உலக வங்கி 2015இல் தொடங்கிய முன்பிள்ளைப் பருவத் திட்டம் தோட்டத்துப் பிள்ளைகள் நிலையங்களையும் தொட்டது. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, பொகவந்தலாவைக்குப் பக்கத்திலேயே நோர்வூட்டில் நின்று, முன்னர் உறுதியளித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

இவற்றால் பயன் இல்லை என்று சொல்வது நன்றிகெட்ட செயல். பத்தனையில் பயின்ற ஆசிரியர்கள் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போன குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும். கேட்கப்பட வேண்டியது வேறு. இத்தனை திட்டங்களுக்கும் முன்னாய்வு, இடைக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு என்று அறிக்கைகள் எழுதப்பட்டன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில். எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியார். மலையகத்தவர் அந்த அறிக்கைகளில் நேர்காணப்பட்டவராகவோ, மொழிபெயர்த்து உதவியவராகவோ, தகவல் சேகரித்துக் கொடுத்தவராகவோ இருந்தார். முதற்பக்கத்தில் ஆசிரியராக இருந்தது மிக அபூர்வம்.

மலையகத்தில் எழுதும் மரபே இல்லையென்றும் சொல்ல முடியாது. ஹட்டனைத் தளமாகக் கொண்ட கோ. நடேசய்யர் பத்திரிகையையும் துண்டுப்பிரசுரத்தையும் தொழிற்சங்கத்தின் கருவிகளாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்க்கையை ஆங்கிலத்திலேயே எழுதி வெளியுலகுக்குக் கொண்டு சென்றார். அந்த மரபின் அடுத்த படி, திட்டங்களையும் மதிப்பீடுகளையும் எழுதுவது.

பணத்துக்கு என்ன வழி?

இங்கே உண்மையைப் பேச வேண்டும். பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர் கட்டும் கல்விக் கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் 20,000 பவுணைத் தாண்டுகிறது. பவுண் ஒன்று 400 ரூபாய் என்று வைத்தால் 80 இலட்சம் ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் விமானச் சீட்டும் தனி. 2024 செப்டெம்பர் வர்த்தமானி நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தபடி, ஊக்குவிப்புத் தொகையும் சேர்த்து 1,750 ரூபாய் என்றே கொள்வோம். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 43,750 ரூபாய். கட்டணத்தை மட்டும் சேர்க்க ஒரு தொழிலாளி ஒரு சதமும் செலவழிக்காமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும்.

ஆகவே, நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். முகவர் நிலையங்களின் விளம்பரங்களை நம்பி யாரும் அந்தக் குழியில் விழ வேண்டாம். இந்தத் துறைக்கு முழுப் புலமைப்பரிசில்கள் உண்டு. அவற்றின் வழியாகப் போவதே நமக்கு உகந்த பாதை.

பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசில் கட்டணம், மாதாந்தச் செலவு, விமானப் பயணம் அனைத்தையும் ஏற்கிறது. அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் தேவை. முழுநேர வேலையென்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அளவு. படித்து முடித்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நாட்டில் இருக்க வேண்டும். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் அவுஸ்திரேலியா எவோர்ட்ஸும் இலங்கையருக்கு உண்டு. ஜேர்மனியின் டாட் (DAAD) நிறுவனம் அபிவிருத்தித் துறைக்கென்றே முதுமாணிப் புலமைப்பரிசில் வழங்குகிறது. அதற்கும் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கலாம். இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கை மாணவரின் முதுமாணிப் படிப்புக்கானது; மொழியும் உணவும் பழகிய இடத்தில் படிக்க விரும்புவோருக்கு அது நல்ல வழி.

மலையகப் பிள்ளைக்கு இங்கே தடையாக நிற்பவை வேறு. ஆங்கிலத் தேர்வுக்கான கட்டணமும் பயிற்சியும் முதல் தடை. தன்னைப் பற்றி ஆயிரம் சொல்லில் எழுதச் சொன்னால் தயங்கும் கூச்சம் அடுத்தது. பரிந்துரைக் கடிதம் தர, தன்னைப் பெயர் சொல்லி அறிந்த பேராசிரியர் இல்லாமை மூன்றாவது. விண்ணப்பத் திகதியே தெரியாமல் போவதும் உண்டு. கொழும்பின் நல்ல பாடசாலையில் படித்த பிள்ளைக்கு மாமா, மச்சான், பழைய மாணவர் சங்கம் என்று யாராவது இவற்றைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை. பணத்தைவிடத் தகவல்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

உதவி சுருங்கும் காலத்தில் இது தேவையா?

நியாயமான சந்தேகம். 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் 2025 ஜூலை 1ஆம் திகதியோடு செயற்பாட்டை நிறுத்தியது. பிரித்தானியா, தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இத்துறையில் பட்டம் பெற்ற பலர் உலகெங்கும் வேலை இழந்தார்கள். சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் வெள்ளை வாகனமும் டொலர் சம்பளமும் கிடைக்கும் என்ற கனவோடு மட்டும் இந்தப் படிப்புக்குப் போவோர் ஏமாறக்கூடும்.

ஆனால், மலையகத்தின் வேலை சுருங்கவில்லை, பெருகியிருக்கிறது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் உருவானது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனிப் பிரதேச சபைகள் வந்தன. 33ஆம் பிரிவு திருத்தப்பட்டதால் அவை தோட்டத்துக்குள் செலவிட முடியும். பிரதேச சபைக்குப் பணம் செலவிடும் உரிமை இருந்தும், எந்தப் பிரிவில் எத்தனை வீட்டுக்கு மலசலகூடம் இல்லை என்று கணக்கெடுத்து, முன்னுரிமை வகுத்து, நிதிக்கு விண்ணப்பம் எழுத ஆளில்லாவிட்டால் உரிமை காகிதத்தில் கிடக்கும். வெளிநாட்டு உதவி குறையக் குறைய, கிடைப்பதைச் சரியான இடத்தில் சேர்க்கும் அறிவின் மதிப்பு கூடுகிறது.

அதோடு, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதிலிருந்து பெரிய முடிவுகள் பல சர்வதேச நாணய நிதியத்துடனும் உலக வங்கியுடனும் பேசியே எடுக்கப்படுகின்றன. நலன்புரிக் கொடுப்பனவு, மின்கட்டணம், வரி எல்லாவற்றிலும் அந்தப் பேச்சின் தடம் இருக்கிறது. கொழுந்து எடுப்பவரின் அரிசி விலையை அந்தப் பேச்சு பாதிக்கிறது. அந்த மொழி தெரிந்த மலையகத்தவர் நமக்கு வேண்டும்.

செய்ய வேண்டியவை

மாணவர்களுக்கு: பட்டம் பெற்றவுடன் இரண்டு ஆண்டுகள் பிரதேச செயலகத்திலோ, பாடசாலையிலோ, தொண்டு நிறுவனத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ வேலை செய்யுங்கள். புலமைப்பரிசிலுக்கு அந்த அனுபவம் தகுதியாகும். உங்கள் கேள்விகளும் அங்கேதான் பிறக்கும். செவ்னிங் விண்ணப்பம் 2025இல் ஓகஸ்ட்டில் தொடங்கி ஒக்டோபரில் முடிந்தது. ஓராண்டுக்கு முன்பே ஆயத்தமாகுங்கள். ஆய்வேட்டுக்கு வேறு கண்டத்தைத் தேடிப் போகாமல் உங்கள் தோட்டத்துப் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். காணி உறுதி, குடிநீர், பிள்ளைப் பராமரிப்பு, கொழும்புக்குப் போன இளைஞர் என்று எழுதப்படாத தலைப்புகள் குவிந்து கிடக்கின்றன.

பல்கலைக்கழகங்களுக்கு: எல்லோரும் வெளிநாடு போக முடியாது; போகவும் வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகமோ திறந்த பல்கலைக்கழகமோ வார இறுதியில், தமிழ் மொழியில், அபிவிருத்தித் திட்டமிடலில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றை ஹட்டனில் நடத்தலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு அங்கே நிலையம் இருக்கிறது. ஆசிரியர்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் வேலையை விடாமல் படிக்க அது வழி செய்யும்.

தொழிற்சங்கங்களுக்கு: தொழிலாளி மாதந்தோறும் தரும் சந்தாவில் ஒரு பகுதியை ஆய்வுப் பிரிவுக்கு ஒதுக்குங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கம்பனிகள் கணக்காளர்களோடு வருகின்றன. நீங்களும் வாழ்க்கைச் செலவு, ஏற்றுமதி விலை, உற்பத்தித்திறன் ஆகியவற்றைச் சொந்தமாகக் கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தகுதியான சில பட்டதாரிகளின் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தையும் விண்ணப்பச் செலவையும் ஏற்பது ஒரு மேதினக் கூட்டத்தின் செலவுக்குள் அடங்கும்.

கொடை நாடுகளுக்கும் வங்கிகளுக்கும்: தோட்டத்துறையில் தொடங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் மலையகப் பட்டதாரிகளை ஆய்வாளர் நிலையில் சேர்க்க வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்குங்கள். திட்டத்தின் மதிப்பீட்டு நிதியிலிருந்து ஒருவரது முதுமாணிப் படிப்புக்கு ஒதுக்குங்கள். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் கையில் கொடுங்கள்.

அரசுக்கு: இலங்கைத் திட்டமிடல் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தமிழ் மொழிப் பயிற்சி வகுப்புகளை நடத்துங்கள். புதிய கிராமங்கள் அதிகார சபையிலும் மலையகப் பிரதேச சபைகளிலும் திட்டமிடல் பதவிகளை உருவாக்கி, பயின்றவர்களால் நிரப்புங்கள். படித்துத் திரும்புபவருக்கு இங்கே நாற்காலி இல்லையென்றால் அவர் திரும்ப மாட்டார். அவரைக் குறை சொல்லவும் நமக்கு வாயிருக்காது. சூறாவளிக்குப் பிந்திய மீள்குடியேற்றக் குழுக்களில் இதை இப்போதே தொடங்கலாம்.

படித்து முன்னேறியவர்களுக்கு: கொழும்பிலும், சென்னையிலும், லண்டனிலும் இருக்கும் மலையகத்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பதாரருக்கு வழிகாட்டினால் போதும். கட்டுரையைத் திருத்திக் கொடுங்கள், நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுங்கள். பொகவந்தலாவை சென் மேரிஸ் மத்திய கல்லூரி, ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் இதை ஆண்டு வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறு ஆண்டுகளில் காடழித்து மலையைத் தோட்டமாக்கிய உழைப்பு நம்முடையது. அடுத்த மீள்குடியேற்ற அறிக்கை எழுதப்படும்போது, நேர்காணப்படுவோர் பட்டியலில் மட்டுமன்றி ஆசிரியர் பட்டியலிலும் மலையகப் பெயர்கள் இருக்க வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டுகளில் ஐம்பது பேர் முதுமாணி முடித்து மலையகத்தில் வேலைக்கு அமர்வது என்ற இலக்கை இந்த ஆண்டே வைப்போம். பல்கலைக்கழகம், தொழிற்சங்கம், பிரதேச சபை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அது எட்டக்கூடிய இலக்கே.